சடலம் கிடக்கும் கதையில் சிரிப்புக்கு என்ன வேலை?

ஒருவர் கொலையாகிறார். யார் கொன்றது, எப்படி, ஏன் என்று இன்னொருவர் தேடுகிறார். துப்பறியும் நாவல் என்றால் அடிப்படையில் இவ்வளவுதான். இதில் சிரிப்பைச் சேர்த்தால் பயம் போய்விடாதா, பயம் போனபிறகு அடுத்த பக்கத்தை எதற்காகப் புரட்டுவது என்ற சந்தேகம் புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு வரும். நியாயமான சந்தேகம். மேலோட்டமாக எழுதப்பட்ட நகைச்சுவை மர்ம நாவல்களில் நடப்பதும் அதுதான். இரண்டு பக்கம் கதை, அரைப் பக்கம் துணுக்கு, மறுபடி கதை என்று போகும். துணுக்கு வரும்போதெல்லாம் மர்மம் கைகட்டி ஓரமாக நிற்கும்.

நன்றாக எழுதப்பட்ட ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. துணுக்கும் துப்பும் ஒரே ரகமான வேலை. இரண்டிலும் ஒரு தகவலை முதலில் வெளிப்படையாக வைக்க வேண்டும். அதற்குத் தவறான பொருளை வாசகரே கொடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். கடைசியில் சரியான பொருளைப் பட்டென்று காட்ட வேண்டும். துணுக்கில் இது சில நொடிகளில் முடிகிறது, நாவலில் இருநூறு பக்கம் ஆகிறது. அதனால் நகைச்சுவை மர்ம நாவலாசிரியருக்கு ஒரு வசதி உண்டு: துப்பை ஒளித்து வைக்கச் சிரிப்பை விடப் பாதுகாப்பான இடம் கிடையாது. சிரித்த வரியை யாரும் திரும்பிப் போய்ச் சோதனை போடுவதில்லை.

ஓர் உதாரணம் கட்டிப் பார்ப்போம். இறந்துபோன முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றி வீட்டு வேலைக்காரர் போலீஸிடம் புலம்புகிறார்: "ஐயா ஒரு தீக்குச்சியில மூணு விளக்கு ஏத்துவாரு. நாள்காட்டித் தாளைக்கூடக் கிழிக்க மனசு வராது, மடிச்சு மேல சொருகி வைப்பாரு. மருமகன் பணம் கேட்டு வந்தா மட்டும் அவருக்குக் காது கேக்காது." மூன்றாவது வரியில் சிரிப்பு வருகிறது. மருமகன் மேல் லேசான சந்தேகமும் விழுகிறது. ஆனால் துப்பு இரண்டாவது வரியில் இருக்கிறது. சடலம் கிடந்த அறையின் நாள்காட்டியில் அன்றைய தாள் கிழிக்கப்பட்டிருந்தது என்று ஐம்பது பக்கத்துக்கு முன்னால் போகிற போக்கில் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் அன்று காலையில் அந்த அறையில் இன்னொருவர் இருந்திருக்கிறார். அவருக்கு அந்த வீட்டுப் பழக்கம் தெரியாது. எனவே வீட்டிலேயே வளைய வரும் மருமகன் தப்பித்தான்.

இங்கே மூன்று உருப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. பட்டியலில் முதலாவது திசையைக் காட்டும், கடைசியானது நினைவில் தங்கும், நடுவில் இருப்பது கரைந்துபோகும். துப்பை நடுவில் வை, சிரிப்பைக் கடைசியில் வை. இதைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? நாள்காட்டி வரி கடைசியில் வந்தால் சிரிப்பும் சப்பென்று ஆகிவிடும், துப்பும் பளிச்சென்று தெரிந்துவிடும். துப்பும் அதன் ஜோடித் தகவலும் ஒரே அத்தியாயத்தில் வந்தாலும் கெட்டது. நடுவில் குறைந்தது இரண்டு மூன்று அத்தியாயமாவது போக வேண்டும்.

எத்தனை வகை?

இந்த நாவல்களில் எது சிரிப்பைத் தருகிறது என்பதை வைத்துத் தோராயமாகச் சில வகைகளைப் பிரிக்கலாம். துப்பறிகிறவரே சிரிப்புக்கு இடமாக இருப்பது ஒன்று. துப்பறிகிறவர் புத்திசாலிதான், ஆனால் அவரைச் சுற்றியுள்ள ஊரும் உறவும் கோமாளித்தனமாக இருப்பது இன்னொன்று. சம்பந்தமே இல்லாத ஓர் அப்பாவி மர்மத்துக்குள் இழுக்கப்பட்டு, தன் பாட்டைத் தானே சொல்லுவது மூன்றாவது. குற்றவாளிகளின் பக்கம் நின்று, அவர்கள் போட்ட திட்டம் எப்படிக் கோணலாகிறது என்று காட்டுவது நான்காவது. துப்பறியும் கதை என்ற வடிவத்தையே கிண்டல் செய்வது ஐந்தாவது. ஒரே புத்தகத்தில் இரண்டு மூன்று கலந்து வருவதுதான் வழக்கம்.

ஐந்தாவது வகைக்கு வயது அதிகம். இங்கிலாந்தில் ஈ. சி. பென்ட்லி 1913-ல் வெளியிட்ட 'ட்ரென்ட்ஸ் லாஸ்ட் கேஸ்' தவறே செய்யாத மேதைத் துப்பறிவாளர்களைச் சீண்டுவதற்காக எழுதப்பட்டது. அதில் துப்பறிகிறவர் தடயங்களையெல்லாம் கோத்து அழகான முடிவுக்கு வருகிறார், முடிவு தப்பு. கிண்டலாகத் தொடங்கிய அந்தப் புத்தகத்தின் புதிர் அவ்வளவு கச்சிதமாக அமைந்துவிட்டதால், பின்னால் வந்தவர்கள் அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். கிண்டல் செய்ய வருகிறவர் அந்த வடிவத்தை முழுதாகக் கற்றிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரும் துப்பறியும் கதைகள் எழுதியவர், பத்து விதிகளை வகுத்தார். பாதி விளையாட்டாக வகுத்தவைதான் என்றாலும் புதிர்க் கதையின் நேர்மை என்ன என்பதைப் புரிந்துகொள்ள இன்றும் உதவும். துப்பறிகிறவர் கண்ட துப்பு எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பது ஒன்று. ரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. நமக்கு இங்கே முக்கியமானது ஆறாவது விதி: தற்செயல் நிகழ்ச்சி எதுவும் துப்பறிகிறவருக்கு உதவக் கூடாது.

அந்த ஆறாவது விதியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வென்ற தொடர் தமிழில் இருக்கிறது. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வில் தற்செயல் மட்டும்தான் துப்பறிகிறது. சாம்பு பயந்து ஓடுவார், தடுக்கி விழுவார், வாயில் வந்ததை உளறுவார். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். உளறலில் ஏதோ ஆழ்ந்த உட்பொருள் இருப்பதாக இன்ஸ்பெக்டர் கோபாலன் எடுத்துக்கொள்வார். விதியை மீறியும் இது ஏன் எடுபடுகிறது? முதல் காரணம், ஒப்பந்தம் தொடக்கத்திலேயே போடப்பட்டுவிடுகிறது. சாம்புவுக்கு ஒன்றும் தெரியாது என்பது வாசகருக்குத் தெரியும், கோபாலனுக்குத் தெரியாது. நாம் காத்திருப்பது குற்றவாளி யார் என்பதற்காக அல்ல, இந்த முறை அதிர்ஷ்டம் எந்த வாசல் வழியாக வரப்போகிறது என்பதற்காக. புதிர் இடம் மாறிவிட்டது, காணாமல் போகவில்லை. இரண்டாவது காரணம் அளவு. ஒவ்வொரு வழக்கும் சிறுகதை நீளத்தில் முடிந்துவிடும். அதே உத்தியை எண்பதாயிரம் சொற்களுக்கு இழுத்தால் மூன்றாவது அதிர்ஷ்டத்திலேயே வாசகர் கொட்டாவி விடுவார்.

முழுநீள நாவலில் தற்செயலுக்கு ஒரு பாதி அனுமதி உண்டு. ஆட்களைச் சிக்கலில் மாட்டிவிடத் தற்செயல் வரலாம், சிக்கலிலிருந்து மீட்க வரக் கூடாது. தவறான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது தற்செயலாக இருக்கட்டும். அந்தப் பெட்டியை வைத்துத் தப்பிப்பது அவருடைய மூளையாக இருக்க வேண்டும்.

எங்கே சொதப்புகிறது?

முதல் சிக்கல், செத்தவரைப் பற்றியது. மரணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரிக்க வாசகருக்கு அனுமதி தேவை. அதைக் கொடுக்கச் சில வழிகள் உண்டு. கொலையுண்டவரை ஊரே வெறுத்த ஆளாகக் காட்டுவது, அல்லது அவரோடு வாசகர் பழகும் முன்பே ஆளை முடித்துவிடுவது, அல்லது உயிர்ச்சேதமே இல்லாமல் திருட்டு, மோசடி, ஆள்கடத்தல் என்று குற்றத்தை வைத்துக்கொள்வது. ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. எல்லோரும் நகைச்சுவையாகவே நடந்துகொண்டால் அந்தச் சாவு அட்டைப்பெட்டிச் சாவு போல ஆகிவிடும், கண்டுபிடித்தால்தான் என்ன என்று தோன்றிவிடும். அதனால் உண்மையாகவே வருத்தப்படுகிற ஒரு ஆள் கதையில் இருந்தாக வேண்டும். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு பக்கம் போதும்.

இரண்டாவது, விசித்திர குணங்களின் நெரிசல். அத்தைக்கு ஒரு கிறுக்கு, மாமாவுக்கு ஒரு கிறுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கிளி, கிளிக்கு ஒரு கெட்ட வார்த்தை. எழுதும்போது உற்சாகமாக இருக்கும். வாசிக்கும்போது எதுவும் சிரிப்பாக இருக்காது, ஏனென்றால் எது வழக்கம் என்று காட்ட ஒருவருமே இல்லை. கோணலாக இருப்பவர் பக்கத்தில் நேராக ஒருவர் நிற்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். நடைமுறைக் காரணமும் உண்டு. புதிரைக் கவனிக்க வாசகருக்குச் சந்தேக ஆட்கள் நான்கு முதல் ஆறு பேர் வரை போதும். எல்லோருமே விசித்திரமாக நடந்தால், குற்றவாளியின் விசித்திர நடத்தை துப்பாகவே நிற்காது.

மூன்றாவது, கதையை நிறுத்திவிட்டுச் சொல்லப்படும் துணுக்கு. இதற்கு எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு காட்சியிலிருந்து சிரிப்பு வரியை வெட்டி எடுங்கள். காட்சி எந்தக் குறையும் இல்லாமல் நின்றால் அந்தத் துணுக்குக்கு அங்கே வேலை இல்லை. வெட்டியதும் ஒரு துப்போ, ஒரு ஆளின் குணமோ, அடுத்த காட்சிக்கான காரணமோ சேர்ந்து போய்விட்டால் அது சரியான இடத்தில் இருக்கிறது. வாசகராகவும் இதைச் செய்து பார்க்கலாம். நல்ல நாவலை இரண்டாம் முறை படிக்கும்போது சிரித்த இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டால், துப்புகளில் பெரும்பங்கு அந்தக் கோடுகளுக்குள்ளேயே சிக்கும்.

கடைசி அத்தியாயம் தனிச் சங்கடம். எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துத் துப்பறிகிறவர் விளக்கம் சொல்லும் பத்துப் பதினைந்து பக்கத்தில் சிரிப்பு செத்துப்போவது வழக்கம், ஏனென்றால் அதுவரை ஒளித்து வைத்த தகவலையெல்லாம் வரிசையாகக் கொட்ட வேண்டியிருக்கிறது. அனுபவசாலிகள் அந்த விளக்கத்தை யாராவது குறுக்கிட்டுக் கெடுத்துக்கொண்டே இருக்கும்படி அமைப்பார்கள். குறுக்கீடு சும்மா வரக் கூடாது. "அப்ப நாள்காட்டித் தாளை யார் கிழிச்சது?" என்று குறுக்கே கேட்கிறவர் வாசகரின் கேள்வியைத்தான் கேட்கிறார். ஒரே ஆள் பேசும் பத்துப் பக்கம் வாதமாக மாறிவிடுகிறது.

ஒரே கை, பல புத்தகம்

நகைச்சுவை மர்மம் எழுதுகிறவர்கள் அதை மட்டுமே எழுதுவது அரிது. சாம்புவைப் படைத்த தேவன் (1913–1957) ஒரு கொலை வழக்கின் விசாரணையையே நாவலாக்கிய 'ஜஸ்டிஸ் ஜகந்நாத'னையும் எழுதினார். அதில் கோமாளித்தனம் இல்லை, வக்கீல்களின் வாதமும் சாட்சிகளின் தடுமாற்றமும்தான். 'மிஸ்டர் வேதாந்தம்' குடும்பக் கதை, 'ஐந்து நாடுகளில் அறுபது நாள்' பயணக் கட்டுரை. சாம்புவை மட்டும் படித்தவர்கள் அடுத்ததாக ஜகந்நாதனைக் கையில் எடுத்தால், ஒரே விஷயத்தை இருவர் வேறுவேறாகப் புரிந்துகொள்ளும் விளையாட்டு இரண்டிலும் ஓடுவதைப் பார்க்கலாம். ஒன்றில் அது சிரிப்பாகிறது, மற்றதில் ஒருவனுடைய உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

ஆனால் இந்தப் பன்முகத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்க அமெரிக்கரான டொனால்ட் ஈ. வெஸ்ட்லேக்தான் (1933–2008) சரியான ஆள். நூறுக்கும் மேற்பட்ட புத்தகங்கள், பல புனைபெயர்கள். அவற்றில் இரண்டு வரிசைகள் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

ரிச்சர்ட் ஸ்டார்க் என்ற பெயரில் அவர் எழுதியது பார்க்கர் என்ற தொழில்முறைக் கொள்ளைக்காரனின் கதைகள். முதலாவதான 'தி ஹன்டர்' 1962-ல் வந்தது. பார்க்கருக்கு முதல் பெயர் கிடையாது, சிரிப்பு கிடையாது, தேவையில்லாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. வாக்கியங்கள் கத்தரித்தாற்போல் இருக்கும். பல நாவல்கள் நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கும். மூன்றாம் பகுதியில் கதை பார்க்கரை விட்டு மற்றவர்கள் பக்கம் போய், நடந்ததையே அவர்கள் கண்ணால் காட்டும்.

அந்த வரிசைக்காகவே இன்னொரு கதையை அவர் தொடங்கினார். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் திருட வேண்டி வந்தால் பார்க்கர் என்ன செய்வான் என்பதுதான் முடிச்சு. எழுத எழுத அது சிரிப்பாகிக்கொண்டே போனது. பார்க்கர் சிரிப்புக்கு இடம் கொடுக்கிற ஆள் இல்லை. கதையை எடுத்து வைத்துவிட்டு, பிறகு அதற்கென்றே வேறொரு திருடனை உருவாக்கினார். சோர்ந்த முகம், நல்ல மூளை, நாசமான ராசி கொண்ட ஜான் டார்ட்மண்டர். 1970-ல் வெஸ்ட்லேக் என்ற சொந்தப் பெயரிலேயே வெளிவந்த அந்தப் புத்தகம் 'தி ஹாட் ராக்'.

அதன் கட்டமைப்பைக் கவனிப்பது பயன் தரும். ஒரு மரகதக் கல்லைத் திருட வேண்டும். கண்காட்சியில் கை வைக்கிறார்கள், கூட்டாளி ஒருவன் பிடிபடுகிறான், பிடிபடும் முன் கல்லை விழுங்கிவிடுகிறான். சரி, அவனைச் சிறையிலிருந்து கடத்துகிறார்கள். திட்டம் கச்சிதமாக முடிகிறது, ஆனால் கல் அவனிடம் இல்லை, முன்பு அடைத்து வைத்திருந்த காவல் நிலையத்தில் ஒளித்துவிட்டானாம். காவல் நிலையத்தில் ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார்கள். அதுவும் முடிகிறது, கல் அங்கேயும் இல்லை. இதற்கு மேல் சொன்னால் படிக்கிற இன்பம் போய்விடும். பார்க்க வேண்டியது இதுதான்: டார்ட்மண்டரின் திட்டம் முட்டாள்தனமானது அல்ல. திட்டம் ஒவ்வொன்றும் பார்க்கர் போட்டது போலவே நுட்பமாக இருக்கும், நேரக் கணக்கும் வண்டியும் ஆள் எண்ணிக்கையும் பிசகாது. உலகம்தான் ஒத்துழைக்காது. முட்டாள் திருடன் மாட்டிக்கொண்டால் ஒரு முறை சிரிக்கலாம். கெட்டிக்காரன் ஒவ்வொரு தடவையும் ஜெயித்துத் தோற்றுக்கொண்டே இருந்தால் ஒரு புத்தகம் முழுக்கச் சிரிக்கலாம். ஒவ்வொரு வெற்றியும் அடுத்த சிக்கலைப் பெற்றெடுக்கிறது, ஆகவே கதையில் தொய்வும் விழாது.

டார்ட்மண்டர் வரிசையில் 14 நாவல்கள் வந்தன. இரண்டாவதான 'பேங்க் ஷாட்' (1972) கதையில் வங்கியைக் கொள்ளையடிக்காமல் வங்கியையே தூக்கிக்கொண்டு போகிறார்கள். கட்டட வேலை நடப்பதால் வங்கி தற்காலிகமாகச் சக்கரம் வைத்த வீட்டுக்குள் இயங்குகிறது, அதுதான் காரணம். கூட்டத்தின் வண்டியோட்டி ஸ்டான் மர்ச் எந்த நெருக்கடியிலும் எந்தச் சாலையில் வந்தேன், எங்கே நெரிசல் என்று மட்டுமே பேசுவான். முன்னே சொன்ன விசித்திர குணம் இங்கே எப்படி அளவோடு இருக்கிறது என்று பாருங்கள். ஆளுக்கு ஒன்று, அதுவும் அவன் தொழிலிலிருந்து முளைத்தது.

அப்பாவி மாட்டிக்கொள்ளும் வகைக்கு 1967-ல் வந்த 'காட் சேவ் தி மார்க்' இருக்கிறது. எந்த மோசடிக்காரன் கண்ணிலும் தவறாமல் பட்டு ஏமாறுகிற ஒருவனுக்குத் திடீரென்று பெரும் சொத்து வந்து சேருகிறது. அமெரிக்க மர்மக் கதை எழுத்தாளர் சங்கம் தரும் எட்கர் விருதைச் சிறந்த நாவல் பிரிவில் வாங்கிய புத்தகம் அது. நகைச்சுவை நாவல்கள் அந்த விருதை அடிக்கடி வாங்குவதில்லை.

சிரிப்பை முழுக்க எடுத்துவிட்டால் இதே கை என்ன செய்யும் என்பதற்கு 'தி ஆக்ஸ்' (1997). காகித ஆலை வேலையை இழந்த நடுவயதுக்காரன், பொய் விளம்பரம் கொடுத்துத் தன் துறையில் வேலை தேடுகிறவர்களின் விண்ணப்பங்களை வரவழைக்கிறான். தன்னைவிடத் தகுதியானவர்களைப் பொறுக்கியெடுத்து ஒவ்வொருவராகக் கொல்லப் புறப்படுகிறான். டார்ட்மண்டரின் திட்டங்களில் இருக்கும் அதே படிப்படியான தர்க்கம்தான் இதிலும். அங்கே தர்க்கம் சறுக்கிச் சறுக்கிச் சிரிக்க வைக்கிறது, இங்கே சறுக்காமல் போகப் போக வயிற்றைக் கலக்குகிறது. நம் கணிப்பில் அவருடைய ஆகச் சிறந்த புத்தகம் இதுதான். ஆனால் முதலில் படிக்க வேண்டியது அல்ல.

எதற்கு இத்தனை பெயர்? வாசகருக்கு ஒரு பெயர் என்பது ஒரு வாக்குறுதி. டார்ட்மண்டரை எதிர்பார்த்து வாங்கியவர் கையில் பார்க்கர் கிடைத்தால் ஏமாந்துபோவார். அகதா கிறிஸ்டியும் துப்பறியாத ஆறு நாவல்களை மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில்தான் வெளியிட்டார். பிறகு, வேகமாக எழுதுகிறவர்களுக்குக் கணக்கும் ஒரு காரணம். ஒரே ஆண்டில் ஒரே பெயரில் நான்கு புத்தகம் வந்தால் பதிப்பாளர்கள் விரும்ப மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் வாசிக்கத் தயார் என்றால் இந்த வரிசை ஒத்துவரும்: 'தி ஹாட் ராக்', 'பேங்க் ஷாட்', அப்புறம் வாய் மாற்றத்துக்கு 'தி ஹன்டர்'. மூன்றும் சிறிய புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரு வார இறுதிக்கு மேல் பிடிக்காது. அதற்குப் பிறகுதான் 'ஜிம்மி தி கிட்' (1974), அதற்கு முன்னால் எடுத்தால் பாதிச் சுவை போய்விடும். அந்தக் கதையில் டார்ட்மண்டரின் கூட்டாளி கெல்ப் சிறையில் ரிச்சர்ட் ஸ்டார்க் எழுதிய பார்க்கர் நாவல் ஒன்றைப் படிக்கிறான். அதில் வருகிறபடியே ஒரு சிறுவனைக் கடத்திவிடலாம், திட்டம்தான் அச்சிலேயே தயாராக இருக்கிறதே என்று கூட்டத்தைக் கிளப்புகிறான். அந்தப் பார்க்கர் நாவல் உண்மையில் கிடையாது, இந்தக் கதைக்காகவே வெஸ்ட்லேக் அதன் அத்தியாயங்களை ஸ்டார்க்கின் நடையில் எழுதி நடுநடுவே சேர்த்திருக்கிறார். புத்தகத்தில் எல்லாம் கடிகாரம் போல நடக்கிறது. வெளியே, அவர்கள் கடத்திய பையன் அவர்கள் எல்லோரையும்விடப் புத்திசாலி.